கழலைக்குப் பெயர் வைத்த கதை

எங்கள் வீட்டுச் சமையலறையில் இரண்டு இழுப்பறைகள் உண்டு. ஒன்று என்னுடையது. அதில் சின்னக் கரண்டி, பெரிய கரண்டி, முள்கரண்டி, கத்தி என்று தனித்தனித் தடுப்புகள். இன்னொன்று என் கணவருடையது. அதில் கரண்டி, திருப்புளி, பழைய சாவி, ரப்பர் பேண்ட், மை தீர்ந்த பேனா எல்லாம் ஒரே குடும்பமாக வாழ்கின்றன. கேட்டால், "எல்லாம் இரும்புதானே" என்பார். ரப்பர் பேண்ட் எப்படி இரும்பாகும் என்று கேட்டால், "கூடவே இருந்தா ஆயிடும்" என்பார்.

உட்காரச் சொன்னதற்கு நன்றி. தண்ணீர் வேண்டாம். நீங்கள் பொறுமையாக எழுதிக்கொள்ளுங்கள், நான் மெதுவாகத்தான் சொல்வேன்.

எங்கள் இருவருக்கும் ஒரே தொழில். செடிகளில் கழலை உண்டாக்கும் பாக்டீரியாக்களை இனம் பிரிப்பது. ரோஜாத் தண்டு மண்ணைத் தொடும் இடத்தில் சில சமயம் முண்டு முண்டாக, கருங்கல் துண்டு ஒட்டிக்கொண்ட மாதிரி இருக்கும், பார்த்திருப்பீர்கள். அதுதான் கழலை. வெட்டுக்காயம் பட்ட இடத்தில் பாக்டீரியா வந்து உட்கார்ந்து, தன் மரபணுவில் ஒரு துண்டைச் செடிக்குள் செருகிவிடும். அதன் பிறகு செடி தன் வேலையை விட்டுவிட்டு அதற்குச் சமைத்துப் போட்டுக்கொண்டிருக்கும். விருந்துக்கு வந்தவர் அடுப்படியைப் பிடித்துக்கொண்ட கதை.

இந்தப் பாக்டீரியாக்களை முன்பு நோயை வைத்துப் பிரித்தார்கள். கழலை உண்டாக்கினால் ஒரு பெயர், உண்டாக்காவிட்டால் வேறு பெயர். பிறகுதான் தெரிந்தது, கழலை உண்டாக்கும் திறமை ஒரு சின்ன மரபணு வளையத்தில் இருக்கிறது, அந்த வளையத்தை ஒன்று இன்னொன்றுக்குக் கைமாற்றும் என்று. கையில் கத்தி இருப்பதை வைத்து ஒருவன் எந்தக் குடும்பத்துப் பிள்ளை என்று சொல்ல முடியுமா? ஆகவே இப்போது முழு மரபணுத் தொகுதியையும் எழுத்தெழுத்தாகப் படித்து ஒப்பிடுகிறோம். நூற்றுக்குத் தொண்ணூற்றைந்துக்கு மேல் ஒத்துப்போனால் ஒரே சிற்றினம். கீழே இறங்கினால் வேறு.

இந்தக் கோட்டின் மேல்தான் எங்கள் இல்லறம் நடந்தது. அவர் சேர்ப்பவர். நான் பிரிப்பவள். நான் ஏழு என்று எண்ணிய இடத்தில் அவர் இரண்டு என்பார். எங்கள் துறையில் சிற்றினங்களுக்குப் பெயர் ஒப்புக்கொள்ளும் குழு ஒன்று இருக்கிறது. அதற்கு அவர்தான் தலைவர். நான் ஒரு பாக்டீரியாச் சேமிப்பகத்தின் பொறுப்பாளர். ஃப்ரீசரில் உறைந்திருக்கும் குப்பிகளுக்கு நான்தான் தாய், தகப்பன், வார்டன். அவர் பகல் முழுக்கப் பெயர்களை அழித்துக்கொண்டிருப்பார். நான் பகல் முழுக்கக் குப்பிகளுக்குப் பெயர் ஒட்டிக்கொண்டிருப்பேன். சாயங்காலம் இருவரும் ஒரே வண்டியில் வீடு திரும்புவோம். சந்தோஷமான தம்பதி என்றுதான் எல்லாரும் சொன்னார்கள். எனக்கும் அதில் மாற்றுக்கருத்து இல்லை.

ஆய்வகத்தின் பின்பக்கம் ஒழுகும் குழாய் ஒன்று இருக்கிறது. அதன் அடியில் யாரும் கவனிக்காத ரோஜாச்செடி. அதன் கழுத்தில் ஒரு கழலை. கிள்ளி எடுத்து வளர்த்தேன், படித்தேன், ஒப்பிட்டேன். மிக நெருங்கிய உறவோடு ஒத்துப்போனது தொண்ணூற்று நாலே முக்கால். இரண்டாம் முறை பார்த்தேன். அதே நாலே முக்கால். புதுச் சிற்றினம். அதற்குள் தோட்டக்காரர் அந்தச் செடியைப் பிடுங்கிக் குப்பையோடு கொளுத்திவிட்டார். ஆக உலகத்திலேயே அந்த இனத்துக்கு ஒரே சாட்சி, என் ஃப்ரீசரில் இருந்த ஒரு குப்பி.

சாப்பிடும்போது அவரிடம் சொன்னேன். அவர் சிரித்தார். கேலிச் சிரிப்பு இல்லை. அவருக்குக் கேலி செய்யவே வராது. அதுதான் தாங்க முடியாதது.

"கால் சதவீதத்துக்குப் போய் ஒரு புதுப் பேரா?" என்றார்.

"கோடுன்னா கோடுதாங்க."

"ஒரே செடி, ஒரே குப்பி. தப்பிப் பொறந்த பிள்ளையா இருக்கும்மா. இன்னும் நாலு இடத்துல இருந்து கொண்டு வா. வேற வேற செடியில, வேற வேற மண்ணுல. நானே கையெழுத்துப் போடறேன்."

நாலு இடம். அவர் வாயால் சொன்னது. இதைக் குறித்துக்கொள்ளுங்கள்.

முதலில் நேர்மையாகத்தான் தேடினேன். நர்சரி நர்சரியாகப் போய் மண்டியிட்டுச் செடிகளின் கழுத்தைத் தடவிப் பார்த்தேன். ஒன்றிலும் இல்லை. அப்படி ஒரு எரிச்சலூட்டும் ஆரோக்கியத்தை நீங்கள் பார்த்திருக்க மாட்டீர்கள். ஊரில் இருந்த ஒவ்வொரு செடியும் என்னை அவமானப்படுத்த வேண்டும் என்றே செழித்து நின்றது.

இந்தச் செழிப்புக்குக் காரணமும் என் கணவர்தான். ஞாயிற்றுக்கிழமைகளில் அவர் நர்சரிக்காரர்களுக்குக் கவாத்துச் சொல்லிக்கொடுப்பார். எங்கே வெட்டுவது, எந்தச் சாய்வில் வெட்டுவது, வெட்டிய இடத்தை எப்படிக் காப்பது. இலவசமாக. போகிற இடமெல்லாம் "வாத்தியாரே" என்று கொண்டாடுவார்கள். அவருடைய கவாத்துக் கத்தரியை முந்தைய நாள் ஸ்பிரிட்டில் துடைத்து உறையில் போட்டு வைப்பது என் வேலை. கல்யாணமானதில் இருந்து நான்தான் செய்கிறேன். அவர் செய்தால் அதே துணியால் மூக்குக்கண்ணாடியையும் துடைத்துவிடுவார்.

ஒரு சனிக்கிழமை ஸ்பிரிட் போட்டுத் துடைத்த பிறகு, கத்தரியை இன்னொன்றிலும் நனைத்தேன்.

அவ்வளவுதான். நீங்கள் பேனாவை நிறுத்திவிட்டீர்கள். மெதுவாக எழுதுங்கள், அவசரமில்லை.

அந்த ஞாயிற்றுக்கிழமை அவர் போனது ரோஜாக்காவின் நர்சரிக்கு. ரோஜாக்கா என்பது ஊரே கூப்பிடும் பெயர். தனியாளாக அந்த இடத்தை எழுப்பியவர். வாசலில் நுழைந்ததும் தாய்ச்செடிகள் வரிசையாக நிற்கும். அவற்றில் இருந்துதான் மொட்டு எடுத்து மற்ற எல்லாச் செடிக்கும் ஒட்டுக்கட்டுவார். அந்தத் தாய்ச்செடிகளோடு அவர் பேசுவதை நானே கேட்டிருக்கிறேன். ஒன்றை "சோம்பேறி" என்று திட்டுவார், இன்னொன்றை "மகாராணி" என்பார். என் கணவர் அன்று எல்லாருக்கும் எதிரில் மகாராணியைத்தான் வெட்டிக் காட்டியிருக்கிறார்.

கழலை உடனே வராது. சில வாரங்கள் ஆகும். அந்த வாரங்களில் நான் தம்பியின் நர்சரிக்கும், ஊருக்கு வெளியே இருக்கும் திராட்சைக்காரரின் தோட்டத்துக்கும் அதே மாதிரி கத்தரியைத் தயார் செய்து அனுப்பினேன். தம்பி என்றால் என் கூடப் பிறந்தவன். தொட்டியில் செவ்வந்தி வளர்த்து விற்பவன். வேண்டியவர், வேண்டாதவர் என்று நான் பார்க்கவில்லை. அப்படிப் பார்த்தால் மாதிரியில் ஒருதலைப்பட்சம் வந்துவிடும். ரோஜா, செவ்வந்தி, திராட்சை: வேறு வேறு செடி, வேறு வேறு மண். சொன்னது சொன்னபடி.

முதலில் போன் செய்தது ரோஜாக்காதான். ஸ்பீக்கரில் போட்டிருந்தார் என் கணவர்.

"வாத்தியாரே, மகாராணி கழுத்துல என்னவோ வீங்கியிருக்கு. மத்ததுங்களுக்கும் இருக்கு. கொஞ்சம் வந்து பாக்குறீங்களா?"

போனோம். என் கணவர் மண்ணில் உட்கார்ந்து ஒவ்வொரு செடியாகப் பார்த்தார். பார்க்கப் பார்க்க அவர் தோள் இறங்கிக்கொண்டே வந்தது. நான் ஒவ்வொரு கழலையிலும் ஒரு துண்டு எடுத்துப் பையில் போட்டேன். என் கை நடுங்கியது என்று ரோஜாக்கா பிறகு எல்லாரிடமும் சொன்னாராம், "அந்தத் தங்கச்சிக்கு எவ்ளோ இளகின மனசு" என்று. நடுங்கியது உண்மை. கண்டுபிடிப்பின் முன் எந்த ஆய்வாளருக்கும் நடுங்கும்.

இப்போது நீங்கள் கேட்கலாம், மூன்று கிடைத்ததே, நாலாவதையும் அப்படியே முடித்துக்கொண்டு நிறுத்தியிருக்கலாமே என்று. நியாயமான கேள்வி. ஆனால் கழலை வந்ததும் அவர் கவாத்து வகுப்புகளை நிறுத்திவிட்டார். கத்தரி உறையிலேயே கிடந்தது. என் வேலை பாதியில் நின்றது.

அந்தச் சமயத்தில் அவரே ஒரு யோசனையோடு வந்தார். கழலைப் பாக்டீரியாவுக்குச் சாதுவான ஒரு சொந்தக்காரன் உண்டு. நோய் தராது. அதைக் கரைத்த தண்ணீரில் கன்றுகளின் வேரை நனைத்து நட்டால், கெட்டது உள்ளே வராமல் இது காவல் காக்கும். பல இடங்களில் மருந்தாகவே பயன்படுத்துகிறார்கள். என் ஃப்ரீசரிலும் இருந்தது.

"அதை நிறைய வளர்த்துக் கொடேன்" என்றார். "இன்னும் நோய் வராத இடங்களையாவது காப்பாத்தலாம். ரோஜாக்காகிட்டயும் பின்பக்கக் கொட்டகையில சுத்தமான கன்னுங்க இருக்கு. அதுங்க பொழச்சா அவங்க திரும்ப எழுந்துடுவாங்க."

வளர்த்துக் கொடுத்தேன். குப்பி குப்பியாக. கலங்கலான தண்ணீர். நல்லதும் கெட்டதும் கண்ணுக்கு ஒரே மாதிரிதான் தெரியும். அந்த ஒரு விஷயத்தில் என் கணவர் சொல்வது சரி. அவர் ஒவ்வொரு நர்சரியாகப் போய், சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டு, தன் கையாலேயே கன்றுகளை நனைத்து நட்டுக் கொடுத்தார். ரோஜாக்காவின் கொட்டகையில் கடைசிக் கன்று வரை நனைத்தார்.

குப்பிகளில் நான் வைத்தது சாதுவான சொந்தக்காரனை அல்ல.

நான் பொய் சொன்னேன் என்று எழுத வேண்டாம். "இதுதானா அது" என்று யாரும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் என்ன சொல்லியிருப்பேன் என்று எனக்கே தெரியாது. மேலும் செடிகளுக்கு வலி கிடையாது. கழலையால் அவை உடனே செத்துப்போவதும் இல்லை. விற்க முடியாது, அந்த மண்ணில் வெகுகாலம் வேறு எதையும் நம்பி நட முடியாது, அவ்வளவுதான்.

அதற்குப் பிறகு மாதிரிகளுக்குப் பஞ்சமில்லை. நாலு கேட்டார், நான் பதினொன்று கொடுத்தேன். என் தம்பி குத்தகை நிலத்தை விட்டுவிட்டு மனைவி மக்களோடு மாமியார் வீட்டு மாடியறைக்குக் குடிபோனான். போகும் முன் என்னைக் கட்டிக்கொண்டு, "அக்கா, நீயும் மாமாவும் மட்டும் இல்லன்னா நான் என்ன ஆயிருப்பேனோ" என்று அழுதான். ரோஜாக்கா தன் வீட்டு ஜன்னலோரம் தனியாக வைத்திருந்த ஒரு தொட்டிச் செடியைக் கொண்டுவந்து என்னிடம் கொடுத்தார். நோய் தொடாத ஒரே செடி. "மருந்தெல்லாம் செஞ்சு குடுத்தீங்களே, என்கிட்ட குடுக்க வேற என்ன இருக்கு" என்றார். மறுக்க மனம் வரவில்லை. வாங்கி எங்கள் மாடிப்படி அருகே வைத்தேன். அதிலும் வந்துவிட்டது. அது பன்னிரண்டாவது.

கட்டுரையை எழுதிக் குழுவுக்கு அனுப்பினேன். தலைவர் என்ற முறையில் அவர் மரபணுத் தொகுதிகளை எல்லாம் அடுக்கிப் படித்தார். பிறகு ஒருநாள் காலையில் பல் துலக்கிக்கொண்டே வந்தார்.

"ஒரு விஷயம் இடிக்குதும்மா. வேற வேற செடி, வேற வேற மண்ணு. ஆனா பன்னிரண்டுக்கும் நடுவுல வித்தியாசத்தை விரல் விட்டு எண்ணிடலாம். தனித்தனியா பலகாலம் வாழ்ந்ததுங்க இவ்ளோ ஒண்ணுபோல இருக்காது. ஒரே தாய் வயித்துல நேத்து பொறந்த மாதிரி இருக்கே."

இதை நான் எதிர்பார்த்திருந்தேன். "எல்லாரும் ஒரே மொத்த வியாபாரிகிட்ட கன்னு வாங்கியிருப்பாங்க" என்றேன்.

அவர் அதை நம்பி ஒவ்வொரு நர்சரிக்கும் போய் விசாரித்தார். யாருமே ஒரே இடத்தில் வாங்கியிருக்கவில்லை. எல்லா இடத்துக்கும் பொதுவாக இருந்தது ஒன்றுதான். அதை அவர் தெரிந்துகொண்ட அன்று, மத்தியானமே வீட்டுக்கு வந்து, செருப்பைக் கூடக் கழற்றாமல் மாடிப்படியில் உட்கார்ந்துவிட்டார்.

"நான்தாம்மா."

"என்ன நீங்கதான்?"

"நம்ம லேப்ல இருந்து என் கையிலயோ கத்தரிலயோ ஒட்டிக்கிட்டுப் போயிருக்கு. உன் குப்பியில இருந்ததை ஊரெல்லாம் விதைச்சது நான்தான். தம்பி குடும்பம் மாடியறைக்குப் போச்சே, அது என்னாலதான்."

அவருக்கு மோர் கலக்கிக் கொடுத்தேன். அப்போதும் நான் பொய் சொல்லவில்லை. "அப்படியும் இருக்கலாம்" என்று மட்டும் சொன்னேன். அறிவியலில் அப்படித்தான் பேச வேண்டும்.

அவர் வீடு வீடாகப் போய் மன்னிப்புக் கேட்டார். திராட்சைக்காரர் கதவைச் சாத்திக்கொண்டார். ரோஜாக்கா சாத்தவில்லை. தாய்ச்செடிகளைத் தோண்டிக் கொளுத்த வேண்டிய நாளில் என் கணவர்தான் மண்வெட்டியோடு போனார். நானும் உடன் போனேன். அவர் தோண்டித் தோண்டிப் போட, ரோஜாக்கா ஒவ்வொன்றாக எடுத்துத் தீயில் வைத்தார். மகாராணி வந்தபோது அவரால் கையை விட முடியவில்லை. என் கணவர் மெதுவாக வாங்கினார்.

"திட்டுங்கக்கா" என்றார். "ரெண்டு வார்த்தை திட்டுங்க. என்னால தாங்க முடியல."

"உங்களை எப்படி வாத்தியாரே திட்டுறது? வேணும்னா செஞ்சீங்க?"

புகை என் கண்ணிலும் பட்டது. இப்போது ரோஜாக்கா ஒரு பூ மொத்தக்கடையில் கூலிக்குத் தண்டு வெட்டுகிறார். வேறு ஊர்களில் இருந்து வருகிற ரோஜாக்கள்.

இவை எல்லாம் நடந்து முடிந்த பிறகு ஒருநாள், ஃப்ரீசருக்குப் பக்கத்தில் வைத்திருந்த மிச்ச மருந்துக் குப்பிகளில் ஒன்றைக் காணவில்லை. அவர்தான் எடுத்திருக்கிறார், மரபணு படிக்கிற இயந்திரத்தில் அவர் பெயரில் ஒரு வேலை பதிவாகியிருந்தது. ஏதோ சந்தேகம் தீர்த்துக்கொள்கிறார் என்று விட்டுவிட்டேன். முடிவு வந்த அன்று சாயங்காலம் வீட்டுக்கு வந்து வெகுநேரம் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, "சாப்டியா?" என்றார். பாவம், களைப்பு. அதன் பிறகு கத்தரியைத் தானே துடைத்து அலமாரியில் பூட்டிவிட்டார். சாவியை எங்கே வைத்தார் என்று தெரியவில்லை.

அதற்கு மறுவாரம்தான் உங்கள் அலுவலகம் விசாரணை தொடங்கியது. அவர் யாரும் கூப்பிடாமலேயே தன் வாக்குமூலத்தை எழுதினார். எழுத்துப்பிழை பார்த்துத் தரச் சொல்லி என்னிடம்தான் கொடுத்தார். நீங்கள் மேசை மேல் வைத்திருக்கிறீர்களே, அதுதான். அதில் எழுத்துப்பிழை இல்லை. வேறு இரண்டு பிழைகள் இருக்கின்றன. அவற்றைத் திருத்தத்தான் இன்று வந்தேன்.

சின்னதை முதலில் சொல்லிவிடுகிறேன். கவனக்குறைவால் நோயைப் பரப்பியது தான் என்று எழுதியிருக்கிறார். அது சரியில்லை. பரப்பியது நான். கவனக்குறைவால் அல்ல, மிகுந்த கவனத்தோடு. கத்தரியை நனைத்தது நான், குப்பிகளை நிரப்பியது நான், மூன்று தோட்டம் போதாது என்று முடிவெடுத்ததும் நான். வேண்டுமானால் கையெழுத்துப் போடுகிறேன்.

பெரிய பிழை இரண்டாம் பக்கத்தில் இருக்கிறது. "இது எங்கும் காணப்படும் பழைய சிற்றினமே, புதியது அல்ல, எங்கிருந்தும் வந்திருக்கலாம்" என்று எழுதியிருக்கிறார். தொண்ணூற்று நாலே முக்காலைப் பார்த்த கண்ணால் அதை எழுதியிருக்கிறார். நான் சண்டை போட்டேன். எங்கள் இல்லறத்திலேயே அன்றுதான் குரல் உயர்ந்தது, அதுவும் அவர் குரல்.

"பழைய இனம்னு இருந்தா யாரும் உன் ஃப்ரீசர் பக்கமே வர மாட்டாங்க. புதுசுன்னு சொன்னா அது உலகத்துலயே ஒரே ஒரு குப்பியில இருந்ததுன்னு ஆயிடும். புரியுதா உனக்கு?" என்று கத்தினார். பிறகு கையெடுத்துக் கும்பிட்டார். "உன் கால்ல வேணும்னாலும் விழறேன். இந்த ஒரு தடவை சேர்த்துடும்மா."

புரிந்தது. கடைசிவரை அவர் பிடிவாதத்தை விடப்போவதில்லை என்று நன்றாகவே புரிந்தது. என் மேல் பழி வந்தாலும் பரவாயில்லை, ஒரு சிற்றினத்தை இப்படி அழிக்க என்னால் விட முடியாது. ஒப்பீட்டு அட்டவணையைக் கொண்டுவந்திருக்கிறேன். இணைத்துக்கொள்ளுங்கள். உங்களுக்கு விளங்காத இடம் இருந்தால் விளக்குகிறேன்.

அவர் வெளியே நடைபாதை பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறார். அவருக்காகப் பரிந்துபேச வந்திருக்கிறேன் என்று நினைத்துக்கொண்டிருக்கிறார். கூப்பிடத்தானே போகிறீர்கள்? கூப்பிடுங்கள். ஒரே ஒரு வேண்டுகோள். மற்றதையெல்லாம் சொல்வதற்கு முன் அந்தப் பெயரைச் சொல்லிவிடுங்கள். புதுச் சிற்றினத்துக்குக் கண்டுபிடித்தவர் தன் பெயரையே வைத்துக்கொள்வது எங்கள் துறையில் நாகரிகம் இல்லை. அதனால் லத்தீன் வால் ஒட்டி அவர் பெயரை வைத்திருக்கிறேன். கட்டுரையில் அந்த இடத்தை மட்டும் காலியாக விட்டு, இத்தனை நாள் அவரிடம் சொல்லாமல் மறைத்து வைத்திருந்தேன். இதைக் கேட்டால் மற்றதையெல்லாம் மறந்துவிட்டுச் சந்தோஷப்படுவார்.